ஆர்லிக்ஸ் பாட்டிலோட போயி வேலை பாரு

ஏத்தா, நாலு வருசம் படிச்சு முடிச்சு, பேருக்குப் பின்னால பி.எஸ்சி. நர்ஸிங்னு போட்டுக்கிற தகுதி ஒனக்கு வந்திருச்சு. சந்தோசம். அதே நாள்ல நம்ம குடும்பத்துல அத்தனை பேருக்கும் ஒனக்குப் புத்தி சொல்ற தகுதி வந்திருச்சே, கவனிச்சியா? ஒங்கப்பன் பக்கத்து ஊரு நர்ஸிங் ஹோமுக்குப் போங்கிறான், பொழுதுசாய வீட்டுக்கு வந்துரலாமாம். ஒங்க மாமன் துபாய்க்குப் போங்கிறான். அவன் திண்டுக்கல்லைத் தாண்டுனதில்ல. ஒங்கத்தைக்கு மெட்ராசுல கண்ணாடி மாளிகை ஆஸ்பத்திரி வேணும், கல்யாணப் பத்திரிகையில போட்டா எடுப்பா இருக்குமாம். சித்தப்பன் ஒருத்தன்தான் 'சர்க்கார் வேலை வர்ற மட்டும் சும்மா இரு'ங்கிறான். அவன் இன்னமும் அப்படித்தான் இருக்கான்.

இதுல நான் வேற. சர்க்கார் ஆஸ்பத்திரி வார்டுல ஆயாவா இருந்து பென்சன் வாங்குறவ. பெட்பேன் தூக்குன கிழவிக்கு என்ன தெரியும்னு நீ நினைக்கலாம். பெட்பேன் தூக்குறவளுக்குத்தான் எல்லாந் தெரியும் தாயி. அவ அங்க நிக்கிறது ஒருத்தர் கண்ணுலயும் படாது. பெரிய டாக்டர் முன்னால பேசாத பேச்செல்லாம் என் முன்னாலதான் பேசுவாக.

ஒன் கூட்டாளிப் புள்ளைக ஆஸ்பத்திரி தேடுற லட்சணத்தைப் பாத்தேன். வாசல்ல நீரூத்து இருக்கா, லிஃப்ட்டுக்குள்ள பாட்டுக் கேக்குதா, யூனிஃபார்ம் என்ன கலரு, கேன்டீன்ல சவர்மா கெடைக்குமா. நீயும் அப்படியே பாத்துச் சேந்துரு. ராத்திரி 3 மணிக்கு ஒரு பெருசு மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டு கெடக்கும், அடுத்த பெட்டுல ட்ரிப்ஸ் ஏறாம நிக்கும், மூணாவது பெட்டுக்காரன் பெஞ்சாதி 'சிஸ்டர், சிஸ்டர்'னு கத்திக்கிட்டு ஓடியாருவா. அந்த நேரத்துல வாசல் நீரூத்து எந்திரிச்சு வந்து ஒனக்கு ஒத்தாசை பண்ணும்.

இன்டர்வியூன்னு ஒண்ணு வைப்பாக. அவுக இருபது கேள்வி கேப்பாக, நீ இருபதுக்கும் பதில் சொல்லுவ. கடைசியில 'ஒங்களுக்கு ஏதாவது கேக்கணுமாம்மா'ன்னு ஒரு மரியாதைக்குக் கேப்பாக. 'ஒண்ணுமில்ல சார், எப்ப வந்து சேரணும்'னு நீ குனிஞ்சுக்கிட்டே எந்திரிப்ப. சந்தையில மாடு பிடிக்கப் போறவன் கூட பல்லைப் பாப்பான், சுழி பாப்பான், நாலு எட்டு நடக்க விட்டுப் பாப்பான். நாலு வருசம் படிச்ச புள்ள நீ, விக்கிறவன் சொன்ன விலையைக் கேட்டுட்டு கயித்தக் கையில வாங்கிக்கிட்டு வார.

அதனால நான் சொல்ற வழியைக் கேளு. எந்த ஆஸ்பத்திரி மேல ஒனக்குக் கண்ணு விழுந்திருக்கோ, அங்க பயோடேட்டாவோட போறதுக்கு முன்னால ஆர்லிக்ஸ் பாட்டிலோட போ. நம்ம சொந்தபந்தம் இம்புட்டு இருக்கு. எந்த நேரமும் எவுகளாவது ஒருத்தர் எங்கிட்டாவது படுத்துத்தான் கெடப்பாக. விசிட்டர் நேரத்துல போயி, ஸ்டூலை இழுத்துப் போட்டு ஒக்காரு. ஆரஞ்சுப் பழத்தை மெதுவா உரி. ஒரு அரை மணி நேரம் உரிச்சாலும் ஒருத்தரும் கேக்க மாட்டாக. ராத்திரி டூட்டி மாறுற நேரமா அமைஞ்சா ரொம்ப விசேசம்.

மொதல்ல தலையை எண்ணு. பெட்டு எத்தனை, சிஸ்டர் எத்தனை. மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி வார்டுன்னா 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ், மத்த ஆஸ்பத்திரின்னா 5க்கு ஒண்ணு, ஐ.சி.யூ.ன்னா ஆளுக்கு ஒருத்தர்னு ஒங்க நர்ஸிங் கவுன்சில் எழுதி வச்சிருக்கு. பரீட்சைக்கு நீ சத்தம் போட்டுப் படிச்சப்ப திண்ணையில படுத்துக்கிட்டே நான் மனப்பாடம் பண்ணுன கணக்கு இது. வார்டுல எண்ணிப் பாத்தா ஒனக்குச் சிரிப்பு வரும். அடக்கிக்க. 10 பெட்டுக்கு ஒருத்தர்னா கொஞ்சம் யோசிக்கலாம். 25க்கு ஒருத்தர்னா பழத்தை நீயே தின்னுட்டு வீடு வந்து சேரு.

ரெண்டாவது, டூட்டி எப்படிக் கை மாறுதுன்னு பாரு. நல்ல வார்டுல போறவளும் வாறவளும் ஒவ்வொரு பெட்டுக்காலா நின்னு, இவருக்கு இது ஓடுது, இதைக் குடுத்தாச்சு, இதைப் பாக்கணும்னு பேசிக்கிட்டே வருவாக. கெட்ட வார்டுல போறவ பைய மாட்டிக்கிட்டு வாசப்படியில நின்னே 'எல்லாம் ஸ்டேபிள்'னு சொல்லிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவா. அவளைக் குத்தம் சொல்லாத, அவ பன்னண்டு மணி நேரம் நின்னவ. ஆனா அந்த 'எல்லாம் ஸ்டேபிள்' நாளைக்கு ஒங்கிட்ட வரும். வந்து பத்து நிமிசத்துல ஒண்ணு கீழ விழுந்து கெடக்கும்.

மூணாவது ஒண்ணு இருக்கு. இத ஒன் புஸ்தகத்துல போட்டிருக்க மாட்டாக. நம்மாளு பெட்டுக் கால்மாட்டுல தொங்குற சார்ட்ட எடுத்துப் பாரு. காய்ச்சல், நாடி, பிரஷர் எல்லாம் மாறி மாறி இருக்கும். மூச்சு மட்டும் 20, 20, 20னு இருக்கா? நெஞ்சுச் சளிக்காரருக்கும் 20, கால் முறிஞ்சவருக்கும் 20, தூங்குறவருக்கும் 20. ஏத்தா, ஒரு மனுசன் ஆறு நாளா சுவர்க் கடிகாரம் கணக்கா மூச்சு விட்டா அவரை மியூசியத்துல வைக்கணும். ஒரு நிமிசம் நின்னு மூச்ச எண்ண அந்த வார்டுல ஒருத்தருக்கும் நேரமில்லன்னு அர்த்தம். ஆளு மோசமாகப் போறப்ப பெரும்பாலும் மொதல்ல மாறுறது அந்த மூச்சுக் கணக்குத்தான். அதையே எண்ணாத எடத்துல நீ போயி என்னத்தக் கத்துக்கப்போற? 20னு எழுதத்தான் கத்துக்குவ.

அப்புறம் ஊசி. இது என் தொழில், இதுல எனக்கு யாரும் சொல்லித் தர வேணாம். போட்ட ஊசி எங்க போகுதுன்னு பாரு. ஊசியும் பிளேடும் குத்தினாலும் ஓட்டை விழாத வெள்ளை டப்பாவுலதான் விழணும், 2016ல வந்த கழிவு விதி அப்படித்தான் சொல்லுது. மஞ்சப் பையில பஞ்சோட பஞ்சா ஊசியும் கெடந்தா, அதைத் தூக்கிட்டுப் போற ஆயா காலுல அது குத்தும். ஆயாவுக்குக் குத்துற எடத்துல சிஸ்டருக்கும் குத்தும், ஊசிக்குப் பட்டம் பதவியெல்லாம் தெரியாது. இன்டர்வியூல அவுக 'ஏதாவது கேக்கணுமா'ங்கிறப்ப இத மொதல்ல கேளு: 'சார், ஊசி குத்திருச்சுன்னா ராத்திரி 2 மணிக்கு நான் யார்கிட்டப் போகணும்?' பதில் சட்டுனு வந்தா நல்ல எடம். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை எம்புட்டுக்குச் சீக்கிரம் ஆரம்பிக்கிறமோ அம்புட்டு நல்லது, 72 மணி நேரம் தாண்டக் கூடாதுன்னு ஒனக்கே தெரியும். 'அதெல்லாம் இங்க நடக்காதும்மா'ன்னு சொன்னா, அங்க தினம் நடக்குதுன்னு வச்சுக்க. மஞ்சக்காமாலை 'பி' தடுப்பூசி மூணையும், இன்னிக்கு ஒண்ணு, மாசம் கழிச்சு ஒண்ணு, ஆறாம் மாசம் ஒண்ணுன்னு முடிச்சுட்டியா இல்லையா? முழிக்காத, போயிப் போடு.

வெளிய வர்றப்ப அங்க இருக்கிற ஆயாகிட்ட ரெண்டு வார்த்தை பேசு. வெத்தலை இருந்தா குடு. 'போன மாசம் புதுசா வந்த புள்ளைக எத்தனை பேரு இருக்குதுக'ன்னு மட்டும் கேளு. எச்.ஆர். மேடம் அரை மணி நேரத்துல சொல்லாதத அவ ஒரு பெருமூச்சுல சொல்லிருவா.

இம்புட்டும் எதுக்குச் சொல்றேன்னா, மொதல் வேலையில நீ சம்பாதிக்கப் போறது துட்டு மட்டுமில்ல, கை. அந்தக் கை யாரு பக்கத்துல நின்னு பழகுதுங்கிறதுதான் காரியம். வார்டுல நான் கண்ணால பாத்த சங்கதி ஒண்ணு கேளு. புதுசா வந்த புள்ள ஒருத்தி இன்சுலின் ஊசிய கையில வச்சுக்கிட்டு நின்னா. பாட்டில்ல 40னு ஒண்ணு இருக்கு, 100னு ஒண்ணு இருக்கு. ஊசியும் அதே மாதிரி ரெண்டு தினுசு. மாத்தி ஏத்துனா கணக்கே தலைகீழாப் போயிரும். 'அக்கா, இது நாப்பதா நூறா'ன்னு கேட்டா. பெரிய சிஸ்டர் செஞ்ச வேலையைப் போட்டுட்டு வந்து, பாட்டிலைத் திருப்பி எழுத்தைக் காட்டி, 'கேட்டது நல்லது, எப்பவும் கேளு'ன்னு சொல்லிட்டுப் போனாக. இன்னொரு வார்டுல இதே கேள்விக்கு, 'நாலு வருசம் என்னத்தப் படிச்ச'ன்னு நோயாளி முன்னாலயே வாங்கிக் கட்டிக்கிட்டா இன்னொருத்தி. அவ மறுபடி யாரையும் கேக்கல. கேக்காமப் போட்டா. அன்னிக்கு ஏதோ சாமி புண்ணியத்துல ஒண்ணும் ஆகல. ஆனா பொட்டாசியம் பாட்டிலும் அதே அலமாரியிலதான் இருந்துச்சு. அதைக் கலக்காம நேரா ஏத்துனா நெஞ்சு நின்னுரும்னு ஒனக்கு நான் சொல்லணுமா?

அதனால இன்டர்வியூல ரெண்டாவது கேள்வி: 'எத்தனை நாளு ஒரு சீனியர் கூட நிப்பேன்? என்னிக்கு என்னைத் தனியா ராத்திரி டூட்டிக்கு விடுவீங்க?' மூணு மாசம்னு சொன்னா கும்பிடு. 'நாளைக்கே ஐ.சி.யூ.வுல போட்டுருவோம், நீங்கதான் ஸ்மார்ட்டா இருக்கீங்களே'ன்னு சொன்னா, அதுவும் கும்பிடு, ஆனா வாசலைப் பாத்துக் கும்பிடு.

ஐ.சி.யூ.ன்னதும் ஒனக்குக் கண்ணு மின்னுது, பாத்தேன். வென்டிலேட்டர், மானிட்டர், கீக்கீன்னு சத்தம், எல்லாம் நல்லாத்தான் இருக்கும். எனக்கென்னவோ மொதல் ஆறு மாசம் மெடிசின் வார்டோ சர்ஜரி வார்டோதான் நல்லதுன்னு படுது. முப்பது முகம் பாப்ப, எந்த முகம் நேத்தைக்கு இருந்த மாதிரி இல்லைன்னு மிஷினு சொல்லாமலே தெரிய ஆரம்பிக்கும். இதை ஒத்துக்காத சிஸ்டருகளும் உண்டு. அவுக கூட நான் சண்டைக்குப் போகல.

சரி, துட்டுக்கு வருவோம், நீ அதுக்குத்தானே காத்திருக்க. ஒங்கப்பன் சொல்ற நர்ஸிங் ஹோமுல மாசம் 12,000 ரூவா. ஒரு நாளைக்குப் பன்னண்டு மணி நேரம், மாசம் 26 நாளு. வகுத்துப் பாரு, நாளைக்கு 461 ரூவா, மணிக்கு 38 ரூவா சொச்சம். நூறு நாள் வேலைக்கு 2025-26ல நம்ம மாநிலத்துக்கு சர்க்கார் நிர்ணயிச்ச கூலி நாளைக்கு 336. எட்டு மணி நேரம்னே வச்சுக்கிட்டாலும் மணிக்கு 42. வரப்புல மண்ணு வெட்டுற ஒங்க சின்னாத்தா மணிக்கணக்குல ஒன்னைய விடப் பெரிய உத்தியோகம். அவ நடுவுல வேப்ப மரத்தடியில படுக்கவும் செய்வா. நாலு வருசப் பீஸு எவ்வளவுன்னு ஒங்கப்பன்கிட்டக் கேக்காத, பாவம், இப்பத்தான் ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை போடுறான்.

ஒங்க ஆளுக சும்மா இருக்கல. நர்ஸுக சங்கம் சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போச்சு. 2016ல கோர்ட்டு சொல்லி, மத்திய சர்க்கார் ஒரு கமிட்டி போட்டு, பெட்டுக் கணக்குல சம்பளம் எழுதி வச்சாக. 200 பெட்டுக்கு மேல இருக்கிற தனியார் ஆஸ்பத்திரின்னா சர்க்கார் நர்ஸ் வாங்குற சம்பளமே குடுக்கணும். 100க்கு மேலன்னா பத்து சதத்துக்கு மேல கொறையக் கூடாது. 50லருந்து 100க்குள்ளன்னா இருபத்தஞ்சு சதம். 50க்குக் கீழ இருந்தாலும் 20,000க்குக் கொறையக் கூடாது. எழுதி வச்சது வச்சபடி பத்திரமா இருக்கு, கரையான் கூட அரிக்கல. சம்பளம் பேசுறப்ப இந்தக் கணக்கைத் தெரிஞ்ச மொகத்தோட ஒக்காரு. குடுக்க மாட்டாகதான். ஆனா தெரிஞ்ச புள்ளைக்கும் தெரியாத புள்ளைக்கும் வித்தியாசமாத்தான் பேசுவாக.

தாளுல 18,000னு போட்டிருந்தா கையில எம்புட்டு வரும்னு கேளு. பி.எஃப்.ல முதலாளி போட வேண்டிய பங்கையும் ஒன் சம்பளக் கணக்குலயே எழுதி, ஹாஸ்டலுக்கு, சாப்பாட்டுக்கு, யூனிஃபார்முக்குன்னு பிடிச்சு, கடைசியில ஒரு கவருல வச்சுத் தருவாக. மாசம் 21,000 வரைக்கும் சம்பளம்னா ஈ.எஸ்.ஐ. உண்டு, அந்தக் கார்டை வாங்கு. பி.எஃப். நம்பரை வாங்கு. சம்பளச் சீட்டை வாங்கு. 'நம்ம ஆஸ்பத்திரி குடும்பம் மாதிரிம்மா, சீட்டெல்லாம் எதுக்கு'ன்னு சொல்ற எடத்துல ரெண்டு மடங்கு உஷாரா இரு. நம்ம குடும்பத்தையே பாத்தேல்ல.

பாண்டு. ஆகா, பாண்டு! ரெண்டு வருசம் இருக்கணும், நடுவுல போனா லட்ச ரூவா, அதுக்கு ஈடா அசல் சர்ட்டிபிகேட்டைக் குடுத்துட்டுப் போ. குடுத்துரு தாயி, ரொம்ப நல்ல ஏற்பாடு. நகையை அடகு வச்சாலாவது கையில பணம் தருவான். இங்க சர்ட்டிபிகேட்டை அடகு வச்சு, வட்டிக்கு நீயே வேலையும் பாக்கலாம். 'சரி பாக்கத்தானே வாங்குறோம், லாக்கர்ல பத்திரமா இருக்கும்'னு சொல்லுவாக. சரி பாக்க அரை நாள் போதும். எதிர்லயே ஒக்காந்து, பாத்ததும் திருப்பி வாங்கிக்க. அசலைப் பிடிச்சு வைக்கிறது தப்புன்னு நர்ஸிங் கவுன்சிலே சுத்தறிக்கை விட்டிருக்கு. அந்தச் சுத்தறிக்கை அவுகளுக்குத் தெரியாதுன்னு நீ நம்புனா நீ நல்ல புள்ள.

இப்ப ஒங்க சித்தப்பன் கட்சி. சர்க்கார் வேலை மோசம்னு நான் சொல்ல மாட்டேன், இந்தப் பென்சன்லதான் நீ தின்ன மைசூர்பாகெல்லாம் வந்துச்சு. ஆனா இப்ப வாசல் வேற. 2015ல எம்.ஆர்.பி.ங்கிற சர்க்கார் மருத்துவ ஆளெடுப்பு வாரியம் பரீட்சை வச்சு ஏழாயிரத்துச் சொச்சம் நர்ஸுகளை எடுத்தாக, தொகுப்பூதியம் மாசம் 7,700. ரெண்டு வருசத்துல நிரந்தரம்னாக. 2017 நவம்பர்ல அந்தப் புள்ளைக மெட்ராசுல மருத்துவத் துறை ஆபீசு இருக்கிற டி.எம்.எஸ். வளாகத்துல ராவும் பகலும் ஒக்காந்து போராடுனாக. தொகுப்பூதியம் ஏறி 14,000 ஆச்சு, 2023ல 18,000 ஆச்சு. நிரந்தரத்துக்கு நிறையப் பேரு வருசக்கணக்காக் காத்துக் கெடந்தாக. எழுதாதன்னு சொல்லல, எழுது. ஆரம்ப சுகாதார நிலையத்துல போட்டாலும் போ. பிரசவம் பாக்கிற கை அங்கதான் வளரும். சும்மா இருந்துக்கிட்டு எழுதுறேங்காத, அம்புட்டுத்தான்.

இன்னொண்ணு, இங்க ஒருத்தர் வாயிலயும் வரல. எய்ம்ஸ் ஆஸ்பத்திரிகளுக்கு நார்செட்னு ஒரு பரீட்சை நடக்குதாமே. எங்கூட ரிட்டயரான ஹெட் சிஸ்டர் சொன்னாக. பி.எஸ்சி. முடிச்ச புள்ளைக்கு முன் அனுபவம் வேணாம், அடிப்படைச் சம்பளமே 44,900, எடத்துல நூத்துக்கு எம்பது பொம்பளைப் புள்ளைகளுக்கு. வடக்க போகணும், ரொட்டி திங்கணும், இந்தி பேசணும். துபாய்க்குப் போகத் துணிஞ்சவளுக்கு போபால் தூரமா?

துபாய்னதும் மாமன் எந்திரிச்சு ஒக்காருவான் பாரு. அவனுக்குத் தெரிஞ்ச ஏஜெண்டு இருக்கானாம், அஞ்சு லட்சம் கட்டுனா அடுத்த மாசம் விமானமாம். ஏத்தா, வெளிநாட்டு ஆளெடுப்புக்கு ஏஜெண்டு வாங்கலாம்னு மத்திய சர்க்கார் சொன்ன உச்சவரம்பு 30,000 ரூவாயும் அதுக்கு வரியும். மீதி நாலு லட்சத்துச் சொச்சம் எதுக்குன்னு கேளு. நர்ஸுககிட்ட அடிச்ச கொள்ளையைப் பாத்துட்டுத்தான் 2015ல, வளைகுடா மாதிரி நாடுகளுக்கு நர்ஸ் எடுக்கிறதுன்னா சர்க்கார் நிறுவனம் மூலமாத்தான்னு உத்தரவே போட்டாக. நம்ம தமிழ்நாட்டு சர்க்காருக்கு அதுக்குன்னே 1978லருந்து ஒரு அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கு. அங்க போயிக் கேளு. மாமனையும் கூட்டிட்டுப் போ, திண்டுக்கல்லைத் தாண்டுன மாதிரி இருக்கும்.

அதோட, போற எடத்துல ரெண்டு வருச அனுபவம் காட்டுங்கிறதுதான் பெரும்பாலும் மொதல் கேள்வி. எத்தனை பெட்டு ஆஸ்பத்திரி, எந்த வார்டுன்னு துருவுவாக. பரீட்சை இருக்கு, சர்ட்டிபிகேட்டை ஒண்ணொண்ணா சரி பாப்பாக. இங்க பத்து பெட்டு நர்ஸிங் ஹோமுல டெம்பரேச்சர் பாத்துக்கிட்டு, பில் போட்டுக்கிட்டு, டாக்டரம்மா வீட்டுக்குக் காய் வாங்கிக் குடுத்துக்கிட்டு இருந்த ரெண்டு வருசத்தை அங்க காட்டுனா என்ன சொல்லுவாக? காய் நல்லா வாங்குவான்னு சொல்லுவாக. அதனால வெளிநாடுதான் ஒன் ஆசைன்னாலும் ஆரம்பம் இங்க ஒரு நல்ல வார்டுல.

ஆக, நான் எந்த ஆஸ்பத்திரின்னு பேரு சொல்லப் போறதில்ல. சொன்னா நாளைக்கு ராத்திரி டூட்டியில என்னையத்தான் திட்டுவ. மொதல்ல கவுன்சில்ல பேரைப் பதிஞ்சு நம்பரை வாங்கு. அது இல்லாம எவன் 'சும்மா வந்து நில்லும்மா'ன்னு கூப்பிட்டாலும் போகாத. சர்ட்டிபிகேட்டுக்கெல்லாம் பத்து செட்டு செராக்ஸ் எடு. அசலை எங்கிட்டக் குடு, என் டிரங்குப் பெட்டியில கெடக்கட்டும். வேணுங்கிற ஆஸ்பத்திரிக்காரக இங்க வந்து எங்கிட்டக் கேட்டு வாங்கிக்கிடட்டும்.